நகராத புள்ளி

விளம்பரத்துக்கு என்று ஒதுக்கியது
ஆயிரத்து நாநூறு ரூபாய்.
ஆயிரம், ஆமர் வீதி போட்டோக்கொப்பிக் கடைக்கு.
மீதி, பிளேன் டீ.

துண்டில் சிங்களப் பக்கம்
தலைகீழாய் வந்திருந்தது.
சஹ்லான் சொன்னான்: விடு,
திருப்பிப் பார்க்கவாவது
இரண்டு செக்கன் கூட நிற்பார்கள்.
நின்றார்கள்.
பிறகு அதிலேயே வடை சுற்றினார்கள்.

வடக்கிலிருந்து வெங்காயம் கொண்டுவந்து இறக்கிவிட்டு
வெறும் தட்டோடு திரும்புகிற லொறி,
வடக்குக்கு அனுப்பப் பெட்டி வைத்துக்கொண்டு
லொறி தேடுகிற கடை,
இரண்டையும் ஒரு திரையில் சேர்த்துவைப்பது
எங்கள் வேலை.
சொல்ல இவ்வளவுதான்.

புறக்கோட்டையில் சொல்லிப் பாருங்கள்.
நாட்டாமையின் வண்டி குதிகாலில் இடிக்க,
மேலே தொங்கும் பிளாஸ்டிக் வாளி தலையில் தட்ட,
கடைக்காரர் காசு எண்ணுவதை நிறுத்தாமலே கேட்பார்:
"எத்தன லொறி இருக்கு?"
லொறிக்காரர் பல்லில் குச்சியோடு கேட்பார்:
"எத்தன கட இருக்கு?"
இரண்டு பேரிடமும் "நிறைய" என்றோம்.
நிறைய என்பது அன்றைக்கு
நானும் அவனும்.

நாளைக்கு வாங்க, என்றார்கள்.
ஹெட்ட எண்ட, என்றார்கள்.
ஒருவர் இங்கிலீஷிலும் சொன்னார், மரியாதையாக.

நாற்பத்து மூன்று ஓட்டுநர்களில்
சரி என்றவர் கிளமென்ட் ஒருவர்.
அதுவும், அவருடைய போனை அடைத்துக் கிடந்த
காலை வணக்கப் பூக்களையெல்லாம்
சஹ்லான் உட்கார்ந்து அழித்துக் கொடுத்ததற்காக.

வியாழன் இரவு
பாவனையாளர்: ஒன்று.
திறந்த தடவை: பதினொன்று.
"நீயா?"
"நானில்ல. நீயா?"
கொட்டாஞ்சேனை அறையில் மின்விசிறி
எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிச் சந்தேகித்தது.

இரண்டு மணி பத்துக்கு அழைப்பு.
துண்டில் என் நம்பர்தானே இருந்தது.
"பிள்ள, புள்ளி நகருதில்லயே."
"யாரு?"
"இமெல்டா. மட்டக்குளி. கிளமென்ட் வீட்டு ஆள்."

மதவாச்சிக்கு இந்தப் பக்கம்
ஒரு நீலப் புள்ளி
நாற்பது நிமிஷமாய் நின்ற இடத்தில் நின்றது.
பெட்டியின் உரிமையாளர் பார்ப்பதற்காக
நான் வைத்த புள்ளி அது.

பதினான்காவது மணிக்கு எடுத்தார்.
"டயர். மாத்திட்டேன்.
சாப்பிட்டேன்னு சொல்லுங்க அவகிட்ட."
சாப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை.
சொன்னேன்.
"சரி" என்று வைத்துவிட்டாள்.
நன்றி எல்லாம் இல்லை.

அடுத்த கிழமை ஐந்து பேர்.
அதற்கடுத்தது ஒன்பது.
மட்டக்குளி, முகத்துவாரம், வத்தளையில் ஒருத்தி.
எல்லோரும் லொறிக்காரரின் மனைவிமார்.
ஒருவருக்கும் அனுப்ப
ஒரு தீப்பெட்டி கூடக் கிடையாது.
"இவங்க பாவனையாளர் இல்ல," என்றான் சஹ்லான்,
"பார்வையாளர்."
வருமானம் என்ற கட்டத்தில்
பூச்சியத்தைத் தடிப்பாக எழுதிவைத்தான்.

ஆனால் ஒன்பது போன்களையும்
ஒன்பது ஆண்களும் இப்போது அணைப்பதில்லை.
அணைக்க முடியாது.
நாங்கள் வடை வாங்கிக் கொடுத்தும் கெஞ்சியும் நடக்காதது
ஒரு "ஏன் ஓஃப் பண்ணீங்க?"வில் நடந்தது.

கெய்சர் வீதி சிப் கடையில்
மறுபடி அதே கேள்வி.
"ஒன்பது," என்றேன்.
பொய் இல்லாததால் குரல் சின்னதாய் வந்தது.
அவர் முதல்முறையாகக் காசை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

இரண்டு கிலோ சிப். வவுனியா.
எங்கள் பங்கு முப்பத்தைந்து ரூபாய்.
பிளேன் டீக்குக் காணாது.

பின்னேரம் ஐந்தரைக்கு லொறி கிளம்பியது.
நீர்கொழும்பு வருமுன்
மூன்று தடவை திறந்துவிட்டேன்.
இமெல்டாவுக்கு எடுத்துக் கேட்டேன்:
"உங்களுக்கு நகருதா?"